அத்தையின் மகோதரம்: நர்சம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மிஷினும் மாத்திரைப் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் தன்னார்வலத் தங்கைகளுக்கும்,

வணக்கம். திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவுக்கும் மாதம் ஒருமுறை உங்களில் ஒருவர் வருகிறார். என் கையில் பட்டையைச் சுற்றி, விரலில் குத்தி, நோட்டில் எழுதிக்கொண்டு, ஒரு வாய் மோர் குடிக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார். உங்கள் வேலைப் பளு தெரியும். தெரிந்தும் இன்னொரு வேலையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வேலை என்றால், சினைப்பையில், அதாவது ஓவரியில் வரும் புற்றுநோய்க்காக ஒரு கேள்விதான். "குடும்பத்துல யாருக்காவது சுகர், பிரஷர் இருக்கா?" என்று ஏற்கெனவே கேட்கிறீர்கள். அதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "உங்க அம்மா வழியிலயோ அப்பா வழியிலயோ பொம்பளைங்க யாராச்சும் வயிறு பெருத்து இறந்திருக்காங்களா? மார்புல கட்டி வந்து இறந்திருக்காங்களா?"

ஏன் இப்படி, இந்த வார்த்தைகளில் கேட்கச் சொல்கிறேன் என்பதற்கு என் தங்கச்சி கதையைச் சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம் அவளை. அப்போது வயது 54. தைப் பொங்கலுக்கு வந்தவள் இரண்டு வாய் சாப்பிட்டதும் இலையை மூடிவிட்டாள். நெஞ்சுவரைக்கும் நிறைந்த மாதிரி இருக்கிறது என்றாள். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். மாசியில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு கேஸ் மாத்திரை. பங்குனியில் ஒரு டாக்டர், அவரும் கேஸ் மாத்திரை. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்க வந்தபோது பாவாடை நாடா எட்டவில்லை என்று சிரித்துக்கொண்டே ஊக்குப் போட்டுக் கட்டினாள். பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் "பூரிச்சுப் போயிட்டியே" என்றார்கள். எனக்கு மட்டும் அவள் தோளெலும்பு தெரிவது கண்ணில் பட்டது. வயிறு ஏறுகிறது, கை கால் இளைக்கிறது. அறிவியல் டீச்சர் நான், எனக்கும் உறைக்கவில்லை.

அந்த நான்கு மாதமும் அவள் வீட்டுக்குத் தன்னார்வலர் தவறாமல் போயிருக்கிறார். பிபி சரி, சுகர் சரி. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றைப் பற்றிக் கேட்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தங்கச்சியும் தானாகச் சொல்லவில்லை. அவளுக்கு 42 வயதில், பெரும்பாடு, அதாவது மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்று கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. "அந்தப் பையே இல்லை, இனி அந்தப் பக்கத்து வியாதி எனக்கு எதுக்கு வருது?" என்று நிம்மதியாக இருந்தாள்.

வைகாசியில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிறு முழுக்க நீர், இரண்டு சினைப்பையிலும் கட்டி. சினைப்பைப் புற்று. கர்ப்பப்பையை எடுத்தவர்கள் சினைப்பைகளை விட்டுவைத்திருக்கிறார்கள். அது தப்பில்லை, அந்த வயதில் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் போகிற வீடுகளில் 'பையை எடுத்தவர்கள்' எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர்களில் எத்தனை பேருக்கு ஓவரி இருக்கிறதா இல்லையா என்று தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கும்போது டாக்டர் கேட்டார், அம்மாவுக்கு, சித்தி பெரியம்மாவுக்கு இப்படி ஏதாவது உண்டா என்று. இல்லை என்றோம். உண்மை. எங்கள் அம்மா 81 வயது வரை ஆரோக்கியமாக இருந்தவர். அப்புறம் ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்தார், வேறு ஏதோ எழுத வந்தவர், போகிற போக்கில் கேட்டார்: "அப்பாவோட கூடப் பிறந்த பொம்பளைங்க?"

நானும் தங்கச்சியும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பேரையூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எங்கள் சின்ன அத்தை 1986-இல் இறந்தார். மகோதரம் என்றார்கள். வயிறு பானை மாதிரி வீங்கி, ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்து, எடுக்க எடுக்க ஊறி, நாற்பத்தி சொச்சம் வயதில் போனார். பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு போன கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்பாவின் அக்காவுக்கு மார்பில் பிளவை. ரவிக்கைக்குள் துணி வைத்து மறைத்தே வாழ்ந்து, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

இரண்டு அத்தைகள், இரண்டு சாவு. இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்க எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? கட்டிக் கொடுத்த பெண்ணின் நோய் அந்த வீட்டு நோயாகிவிடுகிறது. பேரையூரில் நடந்தது பேரையூரோடு போயிற்று. இரண்டாவது, 'கேன்சர்' என்ற சொல் எங்கள் வீட்டில் அப்போது இல்லவே இல்லை. "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்று கேட்டால் மனசார "இல்லை" என்றுதான் சொல்லியிருப்போம். ஆகவேதான் வயிறு பெருத்து என்றும், தண்ணீர் எடுத்தார்கள் என்றும், கட்டி, பிளவை, மகோதரம் என்றும் கேளுங்கள் என்கிறேன். மகோதரம் என்றாலே சினைப்பைப் புற்று என்று அர்த்தமில்லை. ஈரல் கெட்டாலும், வயிற்றில் டிபி வந்தாலும் நீர் கோக்கும். குடிப்பழக்கமே இல்லாத நடுவயதுப் பெண்ணுக்கு மகோதரம் என்று ஒரு குடும்பம் சொன்னால் மட்டும் உங்கள் பேனா ஒரு நிமிடம் நிற்கட்டும்.

இனி கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பில் பழுதான மரபணு இழையைச் சரிபார்க்கும் மெக்கானிக் மாதிரி இரண்டு மரபணுக்கள் உண்டு, பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்று. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மார்பகப் புற்று அடிக்கடி வந்த குடும்பங்களை ஆராய்ந்து காட்டியதே 1990-இல்தான். எங்கள் அத்தை இறந்து நான்கு வருடம் கழித்து. இந்த மெக்கானிக்கே பழுதாகப் பிறந்தால், சாதாரணமாக நூறு பெண்களில் ஒருவருக்கு என்ற கணக்கில் வரும் சினைப்பைப் புற்று, பிஆர்சிஏ-1 பழுதுள்ள நூறு பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு வருகிறது. பிஆர்சிஏ-2 என்றால் அதைவிடக் குறைவு, ஆனாலும் அதிகம்தான். இரண்டிலும் மார்பகப் புற்று வரும் ஆபத்தும் கூடும். லிஞ்ச் என்று இன்னொரு பரம்பரைக் கோளாறு உண்டு. அந்தக் குடும்பங்களில் பெருங்குடல் புற்றும் கர்ப்பப்பைப் புற்றும் சின்ன வயதிலேயே தலைகாட்டும், சினைப்பையையும் அது விடாது. சினைப்பைப் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒரு பரம்பரைக் காரணம் இருக்கிறது.

இந்தப் பழுது அப்பா வழியாகவும் அதே அளவு வரும். அப்பாவுக்குச் சினைப்பை கிடையாது, நோய் அவரிடம் தெரியாமலே போகலாம். ஆனால் பிள்ளைக்குக் கொடுப்பதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அம்மா கொடுத்தாலும் அப்படித்தான். எங்கள் அப்பா 78 வயதில் மாரடைப்பில் போனார். அதுவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை.

சொந்தத்தில் கட்டினதால் வந்தது என்று ஒரு மாமா சொன்னார். இந்தப் பழுது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டித்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் நம் ஊரில் திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்குள் பெண் கொடுத்து எடுப்பதால், அம்மா வழியும் அப்பா வழியும் சுற்றி ஒரே வீட்டில் போய் முடியும். கேட்கும்போது யார் எந்த வழி என்று குழம்பாமல், இறந்தவர் பெயரை எழுதிக்கொண்டு உறவை அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள்.

பரம்பரை இல்லாத மீதி பேருக்கு எப்படி வருகிறது? வயதுதான் முதல் காரணம். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருகிறது. அடுத்தது, முட்டை வெளிவரும் கணக்கு. 1971-இல் ஃபதல்லா என்ற எகிப்து மருத்துவர் சொன்னது: மாதாமாதம் முட்டை வெடித்து வெளியேறும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிந்து ஆறுகிறது, அது எத்தனை தடவை நடக்கிறதோ அத்தனை தடவை தப்பு நடக்க இடமிருக்கிறது என்று. இந்தக் கணக்கை எங்கள் அப்பத்தாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் தாய்ப்பால். மாதவிடாய் இருந்த முப்பத்தைந்து வருடத்தில் பாதிக்கு மேல் முட்டையே வந்திருக்காது. நமக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளை, நானூறு தடவைக்கு மேல் போகும். பிள்ளைப்பேறும் தாய்ப்பாலும் இந்த நோயைக் குறைக்கின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. உங்கள் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாதிரியான கருத்தடை மாத்திரைகளும் குறைக்கின்றன. எத்தனை வருடம் சாப்பிட்டார்களோ அத்தனைக்குக் குறைகிறது, நிறுத்திய பிறகும் அந்தப் பலன் பல வருடம் நிற்கிறது. அதற்காகப் புற்றுநோய்த் தடுப்பு மாத்திரை என்று கொடுக்கச் சொல்லவில்லை. சாப்பிடும் காலத்தில் மார்பகத்துக்குக் கொஞ்சம் ஆபத்தைக் கூட்டும், ரத்தம் உறையும் சிக்கலும் உண்டு, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். "மாத்திரை தின்னா ஓவரி கெட்டுப்போகும்" என்று யாராவது கிளப்பிவிட்டால் மறுத்துச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது ஒரு பயம் எனக்கு. குழந்தை இல்லாத பெண்ணிடம் இதைக் கொண்டுபோய் நீட்டிவிடாதீர்கள். அவள் கேட்காத பேச்சா? பிள்ளை பெறாததால் வந்தது என்று ஒருத்தியைப் பார்த்துச் சொல்ல எந்த அறிவியலும் இடம் கொடுக்கவில்லை. கூட்டத்தில் சற்றே கூடும், குறையும் என்பதுதான் கணக்கு. கருத்தரிப்பு மையத்தில் ஊசி போட்டதால்தான் வந்தது என்பதும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனைப் பற்றி இதைவிடப் பெரிய வதந்தி. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் செய்துகொண்டது அது. "குழாயைக் கட்டுனதுல கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கி புத்தாயிருச்சு" என்று தங்கச்சியின் மாமியாரே சொன்னார். உண்மை தலைகீழ். குழாயைக் கட்டியவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது. காரணமும் இப்போது பிடிபட்டிருக்கிறது. சினைப்பைப் புற்றில் மிக அதிகம் பேருக்கு வரும், மிக மோசமான வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் நுனியில், விரல் விரலாகத் தொங்கும் இடத்தில் தொடங்கி சினைப்பைக்குத் தாவுகிறது. ஃபதல்லா சொன்ன கிழிசல் கதை முழுக் கதை இல்லை என்பதும் அதிலிருந்துதான் தெரிந்தது. தங்கச்சியும் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். குறைக்கும் என்றால் வராது என்று பொருளில்லையே.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே சினைப்பையில் ஒட்டி வளர்ந்து மாதாமாதம் துடிக்க வைக்கும் நோய், சில வகைப் புற்றுக்கு வழிவிடும். உடல் பருமன் ஓரளவு கூட்டும். மாதவிடாய் நின்றபின் வருடக்கணக்கில் எடுக்கும் ஹார்மோன் மாத்திரையும் கூட்டும். முகப்பவுடரை 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'அனேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலுக்கு ஏற்றியது, டால்க் என்ற அதன் மூலப்பொருளை. முகத்துக்குப் போடுவதைப் பற்றி அல்ல, தொடையிடுக்கில் போடுவதைப் பற்றித்தான் அந்தக் கவலை. மதுரை வெயிலுக்கு வேர்க்குரு என்று கொட்டிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே வேண்டாம், அவ்வளவுதான். பிசிஓடி என்று ஸ்கேனில் எழுதிவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் அழுதுகொண்டு வருகிறார்கள். அந்தச் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் புற்றாக மாறுபவை அல்ல என்று தைரியம் சொல்லி அனுப்புங்கள்.

"சரிம்மா, முகாம் போட்டு எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தா என்ன?" என்று கேட்பீர்கள். இந்த நோய்க்கு அது உதவாது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு வருடக்கணக்கில் ஸ்கேனோ, இந்தப் புற்று இருந்தால் ஏறக்கூடிய சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையோ எடுத்து, எடுக்காத மீதிப் பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது, சாவு குறையவில்லை. சிஏ-125 மாதவிடாயின்போதும் ஏறும், கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு என்ற சாதாரணக் கட்டிக்கும் ஏறும், டிபிக்கும் ஏறும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் அதையும் சேர்த்து விற்கிறார்கள், நோய் இல்லாத பெண்ணைக் கலங்கடிக்கத்தான் அது பயன்படுகிறது. இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் எடுக்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை சினைப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "நர்சம்மா டெஸ்ட் எடுத்தாங்க, கேன்சர் இல்லைனுட்டாங்க" என்று எங்கள் தெருவில் மூன்று பேர் சொல்கிறார்கள். எதற்கு எடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

அப்படியானால் நம் கையில் இருப்பவை இரண்டே. ஒன்று, அந்தக் குடும்பக் கேள்வி. இன்னொன்று, வயிற்றுப் புகாரைக் காதில் வாங்குவது. வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர். இதெல்லாம் எல்லாருக்கும் எப்போதாவது வருவதுதான். 50-ஐ நெருங்கிய அல்லது தாண்டிய பெண்ணுக்கு இது புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் கேஸ் மாத்திரையோடு விடாதீர்கள். டாக்டரிடம் அனுப்பி வயிற்று ஸ்கேன் ஒன்று கேட்க வையுங்கள். நம் நாட்டில் 2022-இல் மட்டும் ஏறக்குறைய 47 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதாகவும் 33 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் தங்கச்சி மாதிரி வயிறு முழுக்கப் பரவிய பிறகு வந்தவர்கள்தான். பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, அங்கே போகும் வழியும் பஸ்ஸும் உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஓமத்தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் உள்ளே வருவது நீங்கள் மட்டும்தான்.

தங்கச்சிக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து இரண்டு வருடமாகிறது. முடி வளர்ந்துவிட்டது, ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினாள். அவளுக்கு மரபணுப் பரிசோதனை செய்ததில் பிஆர்சிஏ-1 பழுது. நானும் தம்பியும் எடுத்தோம். எனக்கு இல்லை. என் பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து அது போயிருக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னபோது எழுந்த நிம்மதியைத் தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் ஒளித்துக்கொண்டேன். தம்பிக்கு இருக்கிறது. "எனக்கு என்னக்கா, நான் ஆம்பளை" என்றான். அவனுக்கு 24 வயதில் ஒரு மகள். வரன் பார்க்கிறார்கள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று தம்பி மனைவி. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெண் எடுக்கிறவர்கள் எப்படி விசாரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அந்த மகளுக்கும் அந்தப் பழுது இருந்து, பிள்ளைகள் பெற்றபின் 35-இலிருந்து 40 வயதுக்குள் குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. முன்கூட்டியே மாதவிடாய் நின்றுவிடும், எலும்பு தேயும், அது சின்ன விலை இல்லை. ஆனால் யோசிக்க அவளுக்குப் பத்து வருடம் இருக்கிறது. அத்தைக்குப் பத்து நாள்கூட யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் நான்தான் மகளிடம் போனில் சொன்னேன். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "பேரையூர் அத்தைக்குப் பொண்ணுங்க இருக்காங்களா பெரியத்தை?" என்று கேட்டாள்.

இருக்கிறார்கள், மூன்று பேர். இரண்டு பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒருத்தி வாடிப்பட்டிப் பக்கம் எங்கோ இருக்கிறாள்.

ஒரு உதவி. எங்கள் தெருக் கோடியில் மாட்டுத்தாவணிக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு மாதமாக மத்தியானச் சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு சோடா வாங்கிக் குடிக்கிறார். வெறும் கேஸாகவே இருக்கலாம். நான் கேட்டால் "டீச்சருக்கு எதைப் பார்த்தாலும் அதுதான்" என்று பேச்சை மாற்றுகிறார். இந்த மாதம் எங்கள் தெருவுக்கு வரும்போது முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். நீங்கள் கேட்டால் சொல்வார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
திருமங்கலம் வட்டாரம்